ஏறுகிறவருக்கு வழி

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனால் மலை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று மொக்கச்சாமிக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் ஏறுவதும் மாலையில் இறங்குவதும்தான் அவருடைய சோலி. மனப்பாடமான பாதை. ஆனால் ஓட்டுகிறவன் மலையைப் பார்ப்பதில்லை. முன்சக்கரத்துக்கு எதிரே இருக்கும் ஒரு துண்டுத் தாரைத்தான் பார்க்கிறான். அந்தத் துண்டு நகர்ந்து நகர்ந்து ஊர் வந்துவிடும். இப்போதோ இடப்பக்கத்து இருக்கையில், கைக்கு வேலையில்லாமல், முட்டுக்குக் கீழே பள்ளத்தாக்கு திறந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை, வெறும் தகரம். காலுக்கு அது தெரியவில்லை.

அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதாக அவருடைய லைசென்சை மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜீப் நின்றால் ஆள் கலைந்துவிடும். ஒரு ஜீப்புக்குப் பழகிய பெண்கள் இன்னொரு ஜீப்பில் ஏறிவிட்டால் திரும்புவதில்லை. அதனால்தான் மகன் வேலைக்காகத் திருப்பூரில் இருக்க, மருமகள் அனுப்பிரியாவிடம் சாவி போனது. கல்யாணத்துக்கு முன்பே தேனியில் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள் அவள். பேச்சு குறைவு. வண்டியில் ஏறியதும் பெல்ட்டைப் போட்டுக்கொள்வாள். பிறகு பின்னால் திரும்பித் தலைகளை எண்ணுவாள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு தலை இருந்தாலும் வண்டி கிளம்பாது.

"சந்தையில ஆட்டுக்குட்டி எண்ணுற மாதிரியில்ல எண்ணுறா ஒம் மருமக," என்பாள் சுருளியம்மாள். கடைசி இருக்கை எப்போதும் அவளுடையது. மொக்கச்சாமிக்கு மச்சினி முறை. "எறங்குறப்ப பாரு மச்சான், எங்கள எல்லாம் நடத்தியே கூட்டிட்டுப் போயிருக்கலாம். காலாவது மரத்துப் போகாது."

அனுப்பிரியா வண்டி இறக்கும் விதம்தான் மொக்கச்சாமிக்கு அவமானமாக இருந்தது. இந்தப் பக்கத்து ஜீப்காரர்கள் பலரும் மெட்டைத் தாண்டியதும் கியரை நியூட்ரலில் தள்ளிவிடுவார்கள். சரிவுதானே, வண்டி தானாக உருளும். டீசல் மிச்சம், எஞ்சினுக்கு ஓய்வு, வெரசா ஊர் போய்ச் சேரலாம். பிரேக்கை மட்டும் அவ்வப்போது மிதித்தால் போதும். சூடேறிப் போனால் ஓடை விழும் வளைவில் நிறுத்தி, சக்கரத்தில் ரெண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றுவார்கள். சுர்ரென்று ஆவி கிளம்பும். அந்த ஆவியைப் பார்ப்பதில் மொக்கச்சாமிக்கு ஒரு பெருமை உண்டு. மாட்டைக் குளிப்பாட்டிவிட்ட மாதிரி.

அனுப்பிரியாவோ ஏறும்போது எந்தக் கியரில் ஏறினாளோ அதே கியரில்தான் இறங்குவாள். எஞ்சின் முனகிக்கொண்டே வரும். எதிரே ஒரு பஸ் ஏறி வந்தால், இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓரம் கட்டி நின்றுவிடுவாள்.

"அவன் நிப்பான்த்தா, நீ போ," என்று மொக்கச்சாமி ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

"ஏறுறவங்களுக்குத்தான் மாமா முதல் வழி. எறங்குற நாமதான் நிக்கணும். சட்டம்."

"சட்டம் தேனியில இருக்கு. இது மலை."

"மலைக்குத்தான் மாமா அந்தச் சட்டமே போட்டிருக்கு."

அவர் வெளியே திரும்பிக்கொண்டார். அப்போதுதான் எதிரே ஏறி வந்த பஸ் டிரைவரின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார். முழு லோடு ஆட்களோடு, இரண்டாவது கியரில், ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தபடி வளைவில் வண்டியை அந்த ஆள் திருப்பிக்கொண்டிருந்தார். ஏறுகிற வண்டி இடையில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது லேசான காரியமில்லை. அத்தனை எடையையும் நின்ற இடத்திலிருந்து மேலே தூக்க வேண்டும். கிளட்சும் ஆக்சிலேட்டரும் ஒரு மயிரிழை பிசகினால் வண்டி பின்னோக்கி உருளும். பின்னால் என்ன இருக்கிறதென்று டிரைவருக்குத் தெரியாது. இறங்குகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி நகர்ந்துவிடும். அதனால்தான் நிற்கும் வேலையைச் சட்டம் இறங்குகிறவனிடம் கொடுத்திருக்கிறது. அந்த டிரைவர் வளைவைக் கடந்ததும் அனுப்பிரியாவைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். கூடவே ஜன்னலுக்கு வெளியே இரண்டு விரலைக் காட்டினார்.

அந்த விரல்கள் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. மெட்டு ரோட்டுக்காரர்களின் சொந்த வழக்கம். ஏறி வருகிறவன் தனக்குப் பின்னால் எத்தனை பெரிய வண்டி வருகிறதென்று இறங்குகிறவனுக்கு விரலால் சொல்லிவிட்டுப் போவான். இரண்டு விரல் என்றால் இன்னும் இரண்டு பஸ்சோ லாரியோ இருக்கிறது, பார்த்து இறங்கு. மூடிய கை என்றால் பாதை காலி. வளைவுக்கு அந்தப் பக்கம் யாருக்கும் கண் கிடையாது. எதிரே வருகிறவனின் கைதான் கண்.

இன்னொரு நாள் மாலை மெட்டில் மேகம் இறங்கிவிட்டது. பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு, ஏலக்காய் மணத்தோடு வந்து ஏறினார்கள். அனுப்பிரியா எண்ணி முடித்துவிட்டுப் பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"மாமா, பெடல் கீழ போகுது. காலையில இப்படி இல்ல."

"ரெண்டு மிதி சேத்து மிதி. பிடிக்கும்."

மிதித்தாள். மூன்றாவது மிதியில் பெடல் கல்லாக நின்றது.

"பாத்தியா? இந்த வண்டிக்கு அது பழக்கம்."

"ஹேண்ட் பிரேக்காவது இருந்தா பரவாயில்ல."

ஹேண்ட் பிரேக்கின் கேபிள் அறுந்து எத்தனையோ காலமாகிறது. அதற்குப் பதிலாக முக்கோணமாகச் செதுக்கிய ஒரு வேங்கைக் கட்டை பின்னிருக்கைக்கு அடியில் கிடக்கும். வண்டி நின்றதும் கடைசியில் உட்கார்ந்திருப்பவர் குதித்து அதைச் சக்கரத்துக்கு அடியில் போட வேண்டும். சுருளியம்மாளுக்கு அதில் கை தேர்ந்திருந்தது.

அனுப்பிரியா வெளியே பார்த்தாள். மெட்டில் மெக்கானிக் இல்லை. மற்ற ஜீப்புகளிலும் ஆள் நிறைந்துவிட்டது. "நான் மட்டும் எறக்கிட்டுப் போறேன், நீங்கள்லாம் கடைசி பஸ்சுல வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"பஸ்சு வர்ற வரைக்கும் இந்தக் குளிர்ல வெறச்சுப் போயிருவோம். ஓட்டுத்தா, நாங்க பாக்காத மலையா," என்றாள் பொன்னுமணி. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று பெயர் வாங்கியவள். அவளே அப்படிச் சொன்னதும் மற்றவர்கள் சிரித்தார்கள்.

மொக்கச்சாமிக்கு வேறொரு கணக்கு ஓடியது. இன்றைக்கு இவர்களை இறக்கிவிட்டால் நாளைக்குப் போட்டி ஜீப்காரன் வெள்ளைத்துரையின் வண்டியில் ஏறுவார்கள். "நாந்தான் சொல்றேன்ல. இது என் வண்டி. எனக்குத் தெரியாதா?"

அனுப்பிரியா பெடலை இன்னொருமுறை மிதித்துப் பார்த்தாள். பிறகு, "அப்படின்னா உச்சியிலேருந்தே முதல் கியர்தான். யாரும் எதுவும் சொல்லக் கூடாது," என்றாள்.

"முதல் கியரா! விடிஞ்சிரும்டியம்மா!" என்றாள் சுருளியம்மாள்.

"சித்தி, அந்தக் கட்டையை மடியில எடுத்து வச்சுக்கங்க."

ஜீப் மேகத்துக்குள் இறங்கியது. அவள் விளக்கைத் தாழ்த்திப் போட்டாள். மேகத்துக்குள் விளக்கை உயர்த்திப் போட்டால் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், வெள்ளைச் சுவர்தான் தெரியும். தாழ்ந்த வெளிச்சம் பனிக்கு அடியில் புகுந்து தாரைத் தொடும். வளைவுக்கு முன்பு ஒரு ஹாரன், பிறகு காது கொடுத்து ஒரு கணம். பதில் ஹாரன் இல்லையென்றால்தான் திருப்புவாள். முதலிரண்டு வளைவுகள் அப்படியே கழிந்தன.

பின்னால் ஒரு ஜீப் வந்து ஒட்டிக்கொண்டது. சத்தமே இல்லாமல் உருண்டு வந்ததிலேயே தெரிந்தது, நியூட்ரல். வெள்ளைத்துரை.

"மொக்கச்சாமி அண்ணே!" குரல் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. "வண்டிய ஓட்டுறீங்களா, இல்ல பொணம் தூக்கிட்டுப் போறீங்களா? பின்னாடி சங்கு ஊதவா?"

"ஒங்கப்பனுக்கு ஊதுடா!" என்று சுருளியம்மாள் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு ஜீப்பிலும் சிரிப்பு. மொக்கச்சாமிக்கு மட்டும் காது சூடேறியது. "ரெண்டாவதுலயாவது போடேன்த்தா," என்று முணுமுணுத்தார்.

அனுப்பிரியா கியரைத் தொடவில்லை. அடுத்த இறக்கம் கொஞ்சம் செங்குத்து. அவள் வேகத்தை இன்னும் குறைக்கப் பிரேக்கை மிதித்தாள். ஒருமுறை. இன்னொருமுறை. மூன்று, நான்கு. ஒவ்வொரு முறையும் பெடல் போய்த் தரையைத் தட்டும் சத்தம் மொக்கச்சாமிக்குக் கேட்டது. அது தகரத்தில் தன் கால் எழுப்பும் அதே சத்தம்.

"மாமா," என்றாள் அவள், தண்ணீர் கேட்பது போன்ற குரலில். "பிரேக் இல்ல."

அவருடைய உடம்பு யோசிப்பதற்கு முன்பே பழகிய வேலையைச் செய்தது. "கிளட்ச மிதி! கிளட்ச மிதித்தா!" என்று கத்தியபடி கை கியர்க் கம்பியை நோக்கிப் போனது. எத்தனை இறக்கங்களில் எத்தனை ஆயிரம் தடவை மிதித்த கிளட்ச்.

அனுப்பிரியா இடது முழங்கையால் அவர் கையைத் தட்டிவிட்டாள். "தொடாதீங்க. கிளட்ச மிதிச்சா செத்தோம்." சொல்லிவிட்டு இடது காலைக் கிளட்சிலிருந்து எடுத்து, இருக்கைக்கு அடியில் மடக்கி ஒளித்துவைத்துக்கொண்டாள். தன் காலையே அவள் நம்பவில்லை.

மொக்கச்சாமி முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஜீப் பாயப்போகிறது. சரிவு இழுக்கப்போகிறது. இத்தனை எடையும் பள்ளத்தை நோக்கி அவிழ்த்துவிட்ட காளையாக ஓடப்போகிறது.

ஓடவில்லை.

எஞ்சின் ஓலமிட்டது. வண்டி முழுக்க நடுங்கியது. ஆனால் வேகம் ஓரளவுக்கு ஏறி, அதற்கு மேல் ஏறவில்லை. பக்கத்தில் ஒருவர் லொங்கு லொங்கென்று ஓடி வந்தால் கூடவே வந்துவிடலாம், அவ்வளவுதான். அவருக்குப் புரியவில்லை. பிரேக் இல்லை, கட்டை இல்லை, கயிறு இல்லை. எது பிடித்துக்கொண்டிருக்கிறது?

எஞ்சின்தான். சமதரையில் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுகிறது. இறக்கத்தில், கியர் விழுந்திருக்கும் வரை, கதை தலைகீழாகிறது. சக்கரம் எஞ்சினைச் சுற்ற வேண்டும். எஞ்சின் லேசில் சுற்றித்தர மாட்டாது. அதன் ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை இழுக்க வேண்டும், நெருக்க வேண்டும், வெளியே தள்ள வேண்டும், சிலிண்டர்ச் சுவரில் உரசிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் எஞ்சின் பல சுற்றுச் சுற்றியாக வேண்டும். மலை கீழே இழுக்கும் இழுப்பு முழுவதும் அந்தச் சுற்றலுக்கே செலவாகிப் போகிறது. கிளட்சை மிதித்தால் இரண்டுக்கும் இடையில் இருக்கும் பிடி விட்டுப்போகும். நியூட்ரலில் தள்ளினாலும் அதேதான். அப்புறம் மலைக்கும் ஜீப்புக்கும் நடுவே ஒன்றுமில்லை.

மொக்கச்சாமிக்கு இப்போதுதான் புரிந்தது. இவ்வளவு காலமும் எஞ்சினுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்து, மலையைக் கட்டிவைத்திருந்த கயிற்றை அல்லவா உச்சியிலேயே அவிழ்த்து எறிந்திருக்கிறார். அதற்குப் பிறகு மொத்த எடையையும் தாங்கியது நான்கு சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் கட்டைகள் மட்டும். சூட்டில் வெந்து வெந்து சக்கரத்துக்குள்ளிருந்த பிரேக் ரப்பர் இறுகி, இன்றைக்குப் பிரேக் எண்ணெயை ஒழுகவிட்டிருக்கிறது. அவர் பெருமையாகப் பார்த்த ஆவி அதுதான்.

"மாமா, நிக்கிறதுக்கு எடம் வேணும்," என்றாள் அனுப்பிரியா. கண் சாலையை விட்டு நகரவில்லை. "இந்தச் சரிவுல கட்டை போட்டா வண்டி ஏறித் தாண்டிரும். ஒங்களுக்குத்தான் பாதை தெரியும். எங்க ஏத்தம் இருக்கு?"

அவருக்கு அது ஒன்று தெரிந்திருந்தது. "மண்மேட்டு வளைவு. ரோட்ட அகலப்படுத்துனப்ப வெட்டுன மண்ணக் கொட்டி வச்சிருக்கான். இடப்பக்கம் மேடா ஏறும். நடுவுல ரெண்டு வளைவு தாண்டணும்."

"ரெண்டு வளைவு." அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். "ஏறி வர்றவங்க நாம நிப்போம்னு நெனச்சுத்தான மாமா வருவாங்க?"

அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. வண்டி மெதுவாகத்தான் போகிறது. ஆனால் அதனால் நிற்க முடியாது. வளைவில் ஒரு பஸ் பாதையை அடைத்துத் திரும்பிக்கொண்டிருந்தால், சட்டப்படி அதற்குத்தான் வழி. அந்த டிரைவர் இறங்குகிறவள் நிற்பாள் என்று நம்பி முழுச் சாலையையும் எடுத்துத் திருப்புவார். இவள் நிற்க மாட்டாள். பஸ்சின் முகப்பில் போய் மோதும், அல்லது வெளிச்சுவரைத் தாண்டும்.

பின்னால் வெள்ளைத்துரை ஹாரன் அடித்தான். மொக்கச்சாமி தலையைத் திருப்பி, பெண்களின் தோள்களுக்கு மேலே, "சுருளி! அவன்ட்ட சொல்லு!" என்று கத்தினார். பெண்களுக்கு விஷயம் புரிந்தது. பொன்னுமணி வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

ஜீப்பின் பின்புறம் திறந்தவெளி. சுருளியம்மாள் மடியில் கட்டையோடு எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்தில் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கூப்பிடும் குரலில் கத்தினாள்.

"டேய் வெள்ளை! வெளையாடாதடா! எங்களுக்குப் பிரேக்கு இல்லடா! முன்னாடி போ! ஏறுறவன எல்லாம் ஓரமா நிக்கச் சொல்லு! மண்மேடு வரைக்கும்டா!"

பின் ஜீப்பிலிருந்து கடகடவென்று கியர் விழும் சத்தம் கேட்டது. மலைக்கு வெள்ளைத்துரை கொடுத்த முதல் மரியாதை அதுவாக இருக்கலாம்.

அனுப்பிரியா எதிரே பார்த்தாள். மேகம் கொஞ்சம் விலகி, வளைவு வரை நேர்ச்சாலை காலியாகத் தெரிந்தது. வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பின்னிருந்து முன்னாக வீசினாள். தாண்டிப் போகலாம் என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்லும் கைச்சைகை. லைசென்ஸ் எடுத்த நாளில் அதிகாரி முன்னால் ஒருமுறை செய்து காட்டிவிட்டு மொக்கச்சாமி மறந்தே போன சைகை. வெள்ளைத்துரை தாண்டினான். தாண்டும்போது அவன் முகத்தில் சிரிப்பில்லை. விளக்கு, ஹாரன், ஜன்னலுக்கு வெளியே விரித்த உள்ளங்கை, எல்லாமாக அவன் வளைவுக்குள் போய் மறைந்தான்.

அந்த இரண்டில் முதல் வளைவு நெருங்கியது. மொக்கச்சாமியால் எதுவும் செய்ய முடியாது. கை மடியில் கிடந்தது. அனுப்பிரியா ஸ்டியரிங்கை ஒடிக்கத் தொடங்கினாள். முழு உடம்பாலும் சுற்றினாள். ஜீப் திரும்பியது.

வளைவில் பஸ் இல்லை.

இல்லை, இருந்தது. வளைவுக்குக் கீழே, மலைச்சுவரோடு ஒட்டி, சக்கரத்தைச் சுவர்ப் பக்கமாக ஒடித்து வைத்து நின்றுகொண்டிருந்தது. நிறைய ஆட்கள். எல்லா ஜன்னலிலும் முகங்கள். கண்டக்டர் கீழே இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஏறுகிற வண்டி, தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்த வண்டி, யாரோ ஒரு ஜீப்காரன் கத்தியதற்காகச் செங்குத்தில் நின்றுவிட்டது. நின்றால் கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தே நின்றுவிட்டது. டிரைவர் அனுப்பிரியாவைப் பார்த்தார். அவர் முகம் அவளுடைய முகத்துக்கு ஒரு கை தூரத்தில் கடந்தது. மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு இருக்கு," என்றார் மொக்கச்சாமி. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"பாத்தேன் மாமா."

இரண்டாவது வளைவுக்கு முன்னால் மேகம் கிழிந்தது. கிழிந்த இடத்தில் மலையின் கீழ்ப்பகுதி முழுவதும் தெரிந்தது. அதை மொக்கச்சாமி சாகும்வரை மறக்கமாட்டார். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மடிந்து கிடந்த சாலை மடிப்புகளில், ஏறி வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. ஒரு பால் டேங்கர். அதற்குக் கீழே மரம் ஏற்றிய லாரி. அதற்கும் கீழே கேரளத்துக்குப் போகும் காய்கறி வண்டி. நடுவே கார்கள், பைக்குகள். ஒன்றுகூட முந்தவில்லை. எல்லாம் ஓரத்தோடு ஓரமாக, நான்கு மூலையிலும் மஞ்சள் விளக்கை மினுக்கிக்கொண்டு. வெள்ளைத்துரையின் ஜீப் அடிமடிப்பில் ஒரு சிறு புள்ளியாக இன்னும் கத்திக்கொண்டே போனது. அவனுடைய சத்தம் மேலே வந்து சேரவில்லை. அது போய்த் தொட்ட இடத்திலெல்லாம் விளக்குகள் மினுங்கத் தொடங்கியதுதான் தெரிந்தது. சாலையின் இடப்பாதி முழுவதும் காலியாக, கழுவிவிட்ட மாதிரி, ஒரு ஜீப்புக்காகத் திறந்து கிடந்தது.

அங்கே நிற்கிறவர்களில் யாருக்கும் இவரைத் தெரியாது. யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை, அந்த இடத்தில் சிக்னலே கிடையாது. ஏறுகிறவனுக்குத்தான் முதல் வழி என்பது அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்ததால்தான், அந்த வழி யாருடையது என்று தெளிவாக இருந்ததால்தான், அதை ஒரே கணத்தில் எடுத்துக் கொடுக்க அவர்களால் முடிந்தது. யார் நிற்பது, யார் போவது என்று அன்றாடம் முட்டிக்கொள்கிற சாலையாக இருந்தால் இந்நேரம் எல்லோரும் நடுவில்தான் நின்றிருப்பார்கள். மொக்கச்சாமி ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். தேனியில் இருக்கிறது என்று அவர் சொன்ன சட்டம் இதோ மலை முழுக்க விளக்கேற்றி நிற்கிறது.

"அடேயப்பா," என்றாள் பின்னாலிருந்து பொன்னுமணி, முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

டேங்கரைத் தாண்டினார்கள். அதன் டிரைவர் இரண்டு விரல் காட்டினார். இரண்டாவது வளைவில் ஜீப்பின் பின்சக்கரம் ஜல்லியில் வழுக்கி, மறுபடி தாரைப் பிடித்தது. மர லாரியின் கிளீனர், கட்டை போட்ட சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி, இவர்கள் கடப்பதை வாய் திறந்து பார்த்தான். லாரி டிரைவர் ஒரு விரல் காட்டினார். கடைசியாகக் காய்கறி வண்டி. அதன் டிரைவர் ஒரு மலையாளி. தலையையும் தோளையும் வெளியே நீட்டி, கையை உயர்த்தி, விரல்களை மடக்கி முஷ்டியாகக் காட்டினார்.

மூடிய கை. பாதை காலி.

"சித்தி, ரெடியா இருங்க!"

இடப்பக்கம் மண்மேடு ஏறி நின்றது. அனுப்பிரியா ஜீப்பை அதற்குள் திருப்பினாள். முன்சக்கரங்கள் இளகிய மண்ணில் புதைந்து மேலே ஏறின. எந்த எடை இதுவரை கீழே இழுத்ததோ அதே எடை இப்போது பின்னுக்குப் பிடித்து இழுத்தது. எஞ்சின் திணறியது. அவள் சாவியைத் திருப்பி அணைத்தாள். ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி நின்று, பின்னோக்கி அசைய நினைத்தது. அதற்குள் தொப்பென்று ஒரு சத்தம். சுருளியம்மாள் குதித்துவிட்டாள். வேங்கைக் கட்டை பின்சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

அமைதி. எங்கோ கீழே ஒரு ஓடை ஓடுவது கேட்டது. அந்த இடத்தில் ஓடை ஓடுகிறது என்பதும் மொக்கச்சாமிக்குத் தெரியாது.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி, தரையைக் காலால் தட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி அழுகிறவளைத் திட்டினாள். காய்கறி வண்டிக்காரர் ஜன்னலிலிருந்து, "சேட்டா, எல்லாரும் சுகந்தானே?" என்று கேட்டார். மொக்கச்சாமி தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு மலை மறுபடி நகரத் தொடங்கியது. மேலே அந்த பஸ் கிளம்புவதை அவர் நின்று கேட்டார். எஞ்சின் உறுமி, திக்கி, கிளட்ச் கருகும் வாசனை காற்றில் இறங்கி, கடைசியில் ஒரு பெருமூச்சோடு ஏறிக்கொண்டது. அந்தக் கஷ்டம் முழுவதும் தங்களுக்காகப் பட்டது என்று நினைத்ததும் அவர் மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

வெள்ளைத்துரை கீழிருந்து திரும்பி ஏறி வந்தான். தொண்டை கட்டிப் போயிருந்தது. "எல்லாரும் ஏறுங்கக்கா, நான் எறக்கி விட்டுர்றேன்," என்றான் கரகரப்பாக.

"ஒன் வண்டியில ஏற்கெனவே தலைக்கு மேல தலையாவுல்ல இருக்கு," என்றாள் சுருளியம்மாள். "எங்க, எண்ணு பாப்போம்."

"இப்பப் போய் எண்ணச் சொல்றியேக்கா."

"எண்ணுடா. எண்ணி எறக்கிட்டு, பெறகு வந்து எங்கள ஏத்து. நாங்க எங்கயும் ஓடிப் போகல. எந்தக் கியர்ல எறக்குவ?"

வெள்ளைத்துரை பின்னால் திரும்பித் தலைகளை எண்ணத் தொடங்கினான். பெண்கள் சிரித்த சிரிப்பு பள்ளத்தாக்கின் மறு கரை வரை போனது. பயம் அவ்வளவும் அந்தச் சிரிப்பில்தான் வெளியே வந்தது.

அனுப்பிரியா இன்னும் ஸ்டியரிங் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். மடக்கி வைத்திருந்த இடது காலை இப்போதுதான் வெளியே எடுத்தாள். மொக்கச்சாமி ஜீப்பைச் சுற்றி வந்தார். முன்சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் வழிந்து மண்ணோடு குழைந்திருந்தது. அவர் கை பழக்கத்தில் இருக்கைக்கு அடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகிச் சக்கரத்தை நோக்கிச் சாய்த்தது.

"மாமா," என்றாள் அனுப்பிரியா. "அதக் குடிக்கக் கொண்டாங்க."

அவர் பாட்டிலை நிமிர்த்தி, துண்டால் வாய்ப்பகுதியைத் துடைத்து, அவளிடம் நீட்டினார். அவள் அண்ணாந்து குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது.

"மெக்கானிக்க நாளைக்குக் காலையில இங்கயே கூட்டிட்டு வர்றேன்," என்றார் அவர். "ரப்பரு, பைப்பு எல்லாம் புதுசு மாத்திரலாம். ஹேண்ட் பிரேக் கேபிளும்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ கூட இருந்து பாத்துக்கத்தா. ஓட்டுறவதான பாக்கணும்."

அவள் பாட்டிலை மூடி, இருக்கையின் பக்கத்தில் வைத்தாள்.

வெள்ளைத்துரை திரும்பி வரும்வரை அவர் தன்னுடைய இடப்பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மேகம் மறுபடி இறங்கி மடிப்புகளை ஒவ்வொன்றாக மூடியது. விளக்குகள் மங்கி மறைந்தன. கீழே எங்கோ வளைவில் ஏறுகிற வண்டி ஒன்று ஹாரன் அடித்தது. மேலே இறங்குகிற வண்டி ஒன்று அதைக் கேட்டு நின்றது. கண்ணுக்குத் தெரியாமலே இரண்டும் ஒன்றையொன்று கடந்து போவதை மொக்கச்சாமி காதாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கால் தகரத்தின் மேல் சும்மா கிடந்தது.